அட்வான்ஸ் ஓர் அமானிதம்



சென்னை போன்ற நகரங்களில் முஸ்லிம் குடும்பம் ஒன்று வாடகை வீடு தேடும்போது படும் பாட்டை நாம் அனைவரும் அறிவோம். தொலைபேசியில் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், அதுவரை காலியாக இருந்த வீடு வேறொருவருக்குப் பேசி முடிக்கப்பட்டதாகிவிடுகிறது. இந்த அநீதியை நாம் கண்டித்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஆனால், இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. பல வாசல்களில் மறுக்கப்பட்டு, இறுதியில் நம்மவர் ஒருவரின் வீட்டுக்கே குடிவரும் அந்தக் குடும்பத்தை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

நாம் நன்கறிந்த ஒரு குடும்பம், பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடியேறியது. அதில் பெரும்பகுதி மனைவியின் நகையை விற்றுச் சேர்த்த பணம். ஒப்பந்தப் பத்திரம் இல்லை, "நமக்குள் எதற்குப் பாய் எழுத்தெல்லாம்?" என்பதே உரிமையாளரின் சொல். மூன்று ஆண்டுகளுக்குப் பின் வீட்டைக் காலி செய்தபோது, "அடுத்தவர் வந்து அட்வான்ஸ் தரட்டும், கொடுத்துவிடுகிறேன்" என்றார். வெள்ளையடிப்புக்கென ஒரு மாத வாடகை கழிக்கப்பட்டது. மீதிப் பணத்துக்கு நான்கு மாதம் அலைய நேர்ந்தது. புதிய வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வழியின்றி, அக்குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்கியது. முதல் ஸஃப்பில் நின்று தொழும் ஒருவரின் தாமதம், மற்றொரு முஸ்லிமை வட்டிக்காரரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. இதற்கு மறுமையில் யார் பதில் சொல்வது?

இத்தகைய தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில்தான் இருக்க வேண்டும். அது வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது இச்சட்டம். மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். முன்கூட்டியே, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன், எழுத்து மூலம் அறிவிக்காமல் உரிமையாளர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி எவரையும் வெளியேற்ற முயலக் கூடாது.

இவற்றில் எது நமக்குப் புதிது? கொடுக்கல் வாங்கலைத் தவணையுடன் எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளவும் கற்பிக்கும் அல்பகரா 282ஆம் வசனம், குர்ஆனின் மிக நீளமான வசனமாகும். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையும் ஒழுங்கை அந்நூர் 27ஆம் வசனம் கற்றுத்தருகிறது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவரின் வீடும் அவருடைய வீடே. சாவி நம்மிடம் இருப்பதால் அனுமதி கேட்கும் கடமை நீங்கிவிடுவதில்லை. கொடுக்க வசதியுள்ளவர் இழுத்தடிப்பதை அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். சட்டம் 2017இல் சொன்னதை நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. இரண்டையும் கைவிட்டவர்கள் நாம்.

"எழுத்து கேட்பது நம்பிக்கையின்மை" என்போருக்கு ஒன்று சொல்வோம். அல்பகராவின் அந்த வசனம் ஈமான் கொண்டவர்களையே அழைத்துப் பேசுகிறது. நிகாஹை ஜமாஅத்தின் தஃப்தரில் எழுதி, சாட்சிகளின் கையொப்பம் வாங்குகிறோம். அங்கே எவரும் நம்பிக்கைக் குறைவு என்று முகம் சுளிப்பதில்லை. பல இலட்சம் ரூபாய் கைமாறும் இடத்தில் மட்டும் எழுத்து ஏன் கசக்கிறது?

"மூன்று மாதத்துக்கு மேல் வாங்க ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டமே இடமளிக்கிறதே" என்பார் இன்னும் சிலர். உண்மைதான். ஆனால், வேறு வீடு கிடைக்காது என்று தெரிந்து, நெருக்கடியில் நிற்பவரிடம் பெறும் சம்மதம் எத்தகைய சம்மதம்? வாங்கிய அட்வான்ஸைத் தன் வியாபாரத்தில் முடக்கிவிட்டு, அடுத்த குடித்தனக்காரரின் பணத்தை எதிர்பார்த்திருப்பவர், அந்தத் தொகையைத் தம் சொத்தாகவே எண்ணிவிட்டார். அது அவருடையதன்று, கேட்கும் நாளில் கொடுக்க வேண்டிய அமானிதம்.

சப்-மீட்டர் வைத்து, மின்வாரியத்துக்குத் தாம் செலுத்துவதைவிட யூனிட்டுக்குக் கூடுதலாக வசூலிக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே அல்முதஃப்பிஃபீன் என்றோர் அத்தியாயம் இறங்கியிருக்கும்போது, இதைச் சாதாரணமாகக் கருத நமக்கு எப்படி மனம் வந்தது?

வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் செல்வந்தர்கள் அல்லர் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஒரே ஒரு போர்ஷனின் வாடகையைக் கொண்டு காலம் தள்ளும் விதவைத் தாய்மார்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் வாடகை தராமல் அவர்களை அழவைப்பவரும் அதே அநீதியைத்தான் செய்கிறார். அந்தத் தாய்க்கும் எழுத்தே பாதுகாப்பு. இரண்டு மாத வாடகை நிலுவையில் நின்றால் வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்தை நாட இச்சட்டம் வழிசெய்கிறது. வாய்ப்பேச்சை மட்டும் நம்பியவர் அங்கே எதைக் கொண்டு போவார்?

இச்சட்டத்திலும் பெரும் குறையுண்டு. மதத்தைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை அது தடுக்கவில்லை. அதற்காக நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும், தலாக் ஆன பெண் என்பதற்காக நம் வீட்டை நாமே மறுத்துவிட்டு, முன்பணத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு எழுப்பும் குரலுக்கு எவர் செவிசாய்ப்பார்?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. வாடகை ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம் ஒன்றைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் வையுங்கள். அதைப் பதிவு செய்யத் தெரியாதவர்களுக்கு உதவ ஓர் இளைஞரை நியமியுங்கள். ஒரு ஜும்ஆ பயானையேனும் இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர்களே, உங்களிடம் இருக்கும் அட்வான்ஸ் தொகையை இன்றே தனியாக எடுத்துவையுங்கள். நாளை குடித்தனக்காரர் சாவியை நீட்டும்போது, உங்கள் கையும் அந்தப் பணத்துடன் நீளட்டும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.