கொசுக்கடிக்குத் தாவர எண்ணெய்கள்

கொசுவை விரட்டத் தாவர எண்ணெய்கள் பயன்படுமா என்னும் வினாவுக்கு, ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. எந்தக் கொசுவுக்கு எதிராக, எவ்வளவு நேரத்திற்கு என்று கேட்பதே முறையாகும். ஊர்தோறும் செல்லும் களப்பணியாளரும் சுகாதாரப் பாடம் நடத்தும் ஆசிரியரும் இவ்வேறுபாட்டை மக்களுக்கு விளக்குதல் இன்றியமையாதது.

வேப்பெண்ணெயை முதலில் எடுத்துக்கொள்வோம். தேங்காயெண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசிக்கொண்டவர்களை அனாபிலிஸ் கொசுக்கள் 12 மணி நேரம் கடிக்கவில்லை என, டில்லி மலேரியா ஆராய்ச்சி நிலையத்தார் 1993-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மலேரியாவைப் பரப்பும் இக்கொசுக்கள் பெரும்பாலும் இரவில் கடிப்பவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. ஒன்றுக்கு எதிராகக் கண்ட முடிவை மற்றொன்றுக்கும் உரியதாகக் கொள்ளுதல் தவறு.

சிட்ரோனெல்லா எண்ணெயின் நிலை வேறு. அதில் கொசுவைத் தடுக்கும் மணப்பொருள்கள் விரைவில் ஆவியாகிவிடுகின்றன. ஏடிஸ் கொசுக்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2002-இல் வெளியான சோதனையில், சிட்ரோனெல்லாப் பூச்சுகள் சராசரியாக 20 நிமிடங்கள்கூடக் காக்கவில்லை. சோயா எண்ணெய் 2 சதவீதம் கொண்ட பூச்சு ஏறத்தாழ 95 நிமிடங்களும், ‘டீட்’ என்னும் செயற்கைப் பொருளை 23.8 சதவீதம் கொண்ட பூச்சு ஏறத்தாழ 5 மணி நேரமும் காத்தன.

காலையில் சிட்ரோனெல்லா பூசிக்கொண்டு பள்ளிக்கு வரும் குழந்தை, முதற்பாடம் முடியுமுன்னரே காப்பை இழந்துவிடக்கூடும். வீட்டிலுள்ள தாயோ, பூசி அனுப்பினோம் என்ற நிம்மதியில் இருப்பாள். இப்பொய் நிம்மதியே அஞ்சத்தக்கது. புட்டியின்மீது ‘மூலிகை’ என்று அச்சிட்டிருப்பதால் காக்கும் நேரம் கூடிவிடுவதில்லை.

இதனால் தாவர எண்ணெய்களை இகழ வேண்டுவதில்லை. ஏழை வீட்டிலும் எளிதிற் கிடைக்கும் வேப்பெண்ணெய், இரவில் கொசுவலைக்குத் துணையாகலாம், வலைக்கு ஈடாகாது. பகற்கொசுவுக்கோ, நீர்த்தொட்டிகளை மூடிவைத்தலும், வாரம் ஒருமுறை அவற்றைக் காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலுமே முதன்மையான வழி. தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் அப்பொழுதுதான் அழியும்.

ஆகவே, எண்ணெயைப் பற்றிப் பேசும்பொழுது அதன் பெயரோடு, அது எக்கொசுவை எவ்வளவு நேரம் தடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். நேரத்தைச் சொல்லாத அறிவுரை அரைகுறை அறிவுரையேயாகும்.