ஹாம்ஸ்டருக்கும் வெயில் சுடும்

கோடையில் திருப்பத்தூர் கொதிக்கும்போது, வசதியுள்ளவர்கள் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ ஏறிவிடுகிறார்கள். கம்பிக் கூண்டில் கிடக்கும் ஹாம்ஸ்டர் எங்கே போகும்? அதற்கு எல்லாமே அந்தக் கூண்டுதான்; அதையாவது நாம் சரியாக அமைக்க வேண்டும்.

சிரியாவின் அலெப்போ அருகே 1930-இல் மண்ணைத் தோண்டிப் பிடிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் வாரிசுகளே இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. பகலில் வளைக்குள் உறங்கி, இரவில் ஓடியாடும் பிராணிக்குக் கையகலக் கூண்டு போதாது.

ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமாவது வேண்டும். தோண்டுவதற்குச் சாண் ஆழத்துக்குத் தூசியில்லாத மரத்துருவல், முதுகு வளையாமல் ஓடச் சக்கரம், ஒளிந்துகொள்ள மண்சட்டி. சிறுநீர் கழிக்கும் மூலையைத் தினமும் சுத்தம் செய்தால் போதும். மொத்தத்தையும் மாற்றினால் தன் வாசனை போய் மிரளும். சிரிய ஹாம்ஸ்டர் இரண்டை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-லேயே விதிகள் வந்துவிட்டன. கூண்டின் அளவைச் சொல்லாமல் ஹாம்ஸ்டரை விற்கும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.