பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிறோமா, ஏற்றிப் போகிறோமா?

 

விடுமுறை நெருங்குகிறது. வட்ஸ்அப் குரூப்புகளில் வழமையான அறிவித்தல்கள் வரத் தொடங்கிவிட்டன. "இரவு 10 மணிக்குப் பதுளையிலிருந்து புறப்பாடு. ஒரே நாளில் ஐந்து இடம். கடல் குளியல். மறுநாள் இரவு வீடு. சின்னப் பிள்ளைகள் மடியில் இருந்தால் இலவசம்."

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்கள். மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஸீட் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் ட்ரிப் ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பிள்ளைகள் கடல் பார்க்க ஆசைப்படுறாங்க."

நேராகவே சொல்கிறேன், கோபிப்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து கடலுக்குப் போகும் ட்ரிப்களில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்கானவை அல்ல. அவை பெரியவர்களின் ட்ரிப். பிள்ளை அதற்கு ஒரு சாட்டு.

பிள்ளையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்கு 130, 140 கிலோமீற்றர் இருக்கும். நிறுத்தாமல் போனாலே நான்கு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். பாதித் தூக்கத்தில் எழுப்பிய ஐந்து வயதுப் பிள்ளையை, பெரிய ஸ்பீக்கர் அலறும் பஸ்ஸில், அந்த வளைவுகளில் இறக்குகிறோம். பிள்ளை வாந்தி எடுக்கிறது. விடியும்போது ஒரு இடம், பத்து மணிக்கு இன்னொரு இடம். கடைசியில் கடலுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். மணல் சுடுகிறது, பிள்ளை அழுகிறது. "இவ்வளவு செலவழிச்சுக் கூட்டி வந்தா அழுறியா?" என்று ஒரு அதட்டல். வகுப்பில் இந்தப் பிள்ளைகளிடம் ட்ரிப்பைப் பற்றி எழுதச் சொன்னால் பஸ்ஸைப் பற்றி எழுதுவார்கள், சாப்பாட்டைப் பற்றி எழுதுவார்கள். கடலுக்கு ஒரு வரிதான். அது அவர்களின் குறை இல்லை. கடலோடு அவர்களை இருக்க விட்டதே அரை மணித்தியாலம்தான்.

களைப்போடு இது முடிந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். உயிர் விஷயம் இது.

முதலில் பாதை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து கொழும்பு போன பஸ் பள்ளத்தில் விழுந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. அது காலை வெளிச்சத்தில் நடந்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்தது ஒரு சுற்றுலா பஸ். தங்காலை நகர சபை ஊழியர்கள் மலைநாட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். 15 பேர் போய்விட்டார்கள். பகலிலேயே மன்னிக்காத பாதைகள் இவை. முதல் நாள் இரவு முழுக்க ஓட்டிய அதே சாரதியை, பகலில் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸுக்குள் தூங்க வைத்துவிட்டு, மறுநாள் இரவும் இந்த ஏற்றத்தில் ஓட்ட வைக்கிறோம். ஒரு நாள் தங்கும் செலவு மிச்சம் என்கிறோம். என்ன மிச்சம்?

இரண்டாவது காலநிலை. கடல் என்றால் எல்லாக் கடலும் எல்லா மாதமும் ஒன்று என்று நினைத்து டேட் போடுகிறோம். அப்படி இல்லை. கிழக்குக் கடல் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அமைதி. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். நம் பக்கத்துப் பாதைகளில் மண்சரியும் காலமும் அதுதான். தெற்குக் கடல் இதற்கு நேர் எதிர்: டிசம்பர் முதல் மார்ச் வரை அமைதி, மே முதல் செப்டெம்பர் வரை முரடு. அதாவது ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கு, டிசம்பர் விடுமுறைக்குத் தெற்கு. டிசம்பரில் அறுகம்பைக்கும் ஆகஸ்டில் மிரிஸ்ஸவுக்கும் சின்னப் பிள்ளைகளோடு பஸ் போடுகிறவர்கள் கடலைக் கேட்டு முடிவெடுக்கவில்லை, பஸ்காரரைக் கேட்டு முடிவெடுத்திருக்கிறார்கள்.

இடமும் அப்படித்தான். அறுகம்பைக்கு உலகம் முழுக்கப் பெயர் வந்தது அலையால். அலைச்சறுக்குக்கு நல்ல இடம் நான்கு வயதுப் பிள்ளைக்கும் நல்ல இடமாக இருக்க வேண்டும் என்று இல்லை. பாசிக்குடா வேறு: நீண்ட தூரத்துக்கு ஆழம் குறைவு, ஓகஸ்ட் போன்ற மாதங்களில் அலையும் குறைவு. தெற்கில் மாத்தறைப் பக்கம் பொல்ஹேனவில் பவளப்பாறை அலையைத் தடுக்கிறது. கிரிந்தை, ஹம்பாந்தோட்டைக் கடல் பார்ப்பதற்கு மட்டும்.

மூன்றாவது நம் அறியாமை. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த தண்ணீர் ஆறும் ஓடையும். பதுளு ஓயா ஒரு பக்கம்தான் ஓடும். கடல் வந்துவிட்டுத் திரும்பிப் போகும், போகும்போது இழுக்கும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் நாம் பிள்ளையை இறக்குவோம். பல நேரம் தண்ணீர் உள்ளே இழுத்துப் போகும் வழி அதுதான். அதில் மாட்டியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். மிதந்துகொண்டு, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்குச் சமாந்தரமாக விலக வேண்டும். இது தெரிந்த பெரியவர்கள் ஒரு பஸ்ஸில் எத்தனை பேர்?

இன்னொன்று. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்தும்? சினிமாவில் போலக் கையடித்துக் கூப்பிடும் என்று கரையில் காத்திருக்காதீர்கள். நம் நாட்டில் வருடத்துக்கு 700, 800 பேர் வரை நீரில் மூழ்கி இறக்கிறார்கள்.

இப்போது சிலருக்குப் பிடிக்காத ஒரு கேள்வி. கடற்கரையில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? உம்மாமார் கரையில் புரியாணிச் சட்டியோடும் பைகளோடும் அபாயாவோடும் இருக்கிறார்கள். ஏதும் நடந்தால் அந்த உடுப்போடு தண்ணீருக்குள் ஓட முடியாது. வாப்பாமாரும் மாமாமாரும் கழுத்தளவு தண்ணீரில் சத்தம் போட்டுக் குளிக்கிறார்கள். மிச்சப் பேர் செல்ஃபி எடுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், முழங்கால் தண்ணீரில், யாருடைய கணக்கிலும் இல்லாமல் நிற்கிறது பிள்ளை. பொறுப்பைப் பற்றிய குத்பாவுக்கு வெள்ளிக்கிழமை தலையாட்டிவிட்டு சனிக்கிழமை இப்படி நடந்துகொள்வதற்கு என்ன பெயர்? தண்ணீருக்குள் பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டியது ஆண்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் குளியல்.

இதை வாசித்துவிட்டு, "அதுதான் நாங்க சொல்றோம், பிள்ளைகளைக் கடலுக்கே கொண்டு போகாதீங்க" என்று ஒரு கூட்டம் வரும். அவர்களோடும் நான் உடன்படவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய்லாந்தின் புக்கட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயப் பிள்ளை பெற்றோரோடு விடுமுறையில் நின்றது. கடல் நுரைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைப் பார்த்து, இரண்டு கிழமைக்கு முன் புவியியல் பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்து, "சுனாமி வரப் போகிறது" என்று கத்தியது. கடற்கரையில் நின்ற ஏறத்தாழ நூறு பேர் தப்பினார்கள். அதே காலையில் நம் நாட்டில் கடல் பின்வாங்கியபோது மீன் பொறுக்கப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி குறைவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கடலைத் தெரியாமல் வளர்ப்பது பாதுகாப்பு ஆகாது.

"சின்ன வயசில போனா ஞாபகம் இருக்காது, காசு வீண்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேற்று ஊட்டிய சோறும் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. அதற்காக ஊட்டாமல் விடுகிறோமா?

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் பத்து வயது தாண்டியும் கடலைக் காணாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன், பூட்டன் கடல் தாண்டி வந்து இறங்கி, மலைக்கு நடந்தே வந்தவர்கள். சுற்று எங்கும் கடல் உள்ள ஒரு தீவில் இந்தப் பிள்ளைகளுக்குக் கடல் பாடப்புத்தகத்துப் படம். 2024இல் தோட்டத் தொழிலாளிக்குத் தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஸீட்டுக்கு 4,000 ரூபா என்றால் அந்தச் சம்பளத்தில் அது மூன்று நாள் கொழுந்து. டவுனில் இருக்கும் நாம் வருடம் ஒரு தடவை அரைத் தூக்கத்தில் பார்த்துவிட்டு வரும் கடலை, அந்தப் பிள்ளைகள் ஒரு தடவையாவது விழித்திருந்து பார்க்க வேண்டாமா?

ஆகவே ட்ரிப் ஏற்பாடு செய்பவர்களிடமும், பள்ளி நிர்வாகங்களிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் நான் கேட்பது இதுதான்:

1. ஐந்து இடம் வேண்டாம். ஒரு கடல், இரண்டு பகல், ஒரு இரவு. தங்க இடமில்லை என்று சொல்லாதீர்கள். ஓட்டமாவடி, ஏறாவூர், பொத்துவில் எல்லாம் நம் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்கள்.

2. போவதும் வருவதும் பகலில். சாரதி இரவில் தூங்க வேண்டும்.

3. மாதம் பார்த்துக் கடல், கடல் பார்த்து டேட். உயிர்காப்பாளர்கள் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி இருந்தால் மணலோடு போதும்.

4. இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், பெயர் எழுதி. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

5. குளியல் காலையிலும் அஸருக்குப் பிறகும். முழங்கால் அளவு போதும். நடுப்பகல் நிழலில் தூக்கம்.

6. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸீட். ஒவ்வொரு பஸ்ஸிலும் நான்கைந்து ஸீட் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கூட வரும் பெற்றோருக்கும். அந்தக் காசை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். டிஜே செட்டை நிறுத்தினாலே அதில் ஒரு பகுதி வந்துவிடும்.

இதெல்லாம் செய்தால் செலவு கூடும், ட்ரிப் குறையும் என்பீர்கள். குறையட்டும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போங்கள், ஒழுங்காகப் போங்கள்.

உங்கள் குரூப்பில் அடுத்த அறிவித்தல் வந்தால் ஸீட் விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சாரதி எப்போது தூங்குவார்? தண்ணீரில் என் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் நிற்பார்? பதில் இல்லாவிட்டால் பெயர் கொடுக்காதீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் எல்லோரையும், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பாதுகாப்பானாக.