கொம்பில்லாத குதிரைகள்

“குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். கொம்பில்லாதபோதே இத்தனை சேட்டை; இருந்திருந்தால் என்னாவது என்பது பொருள். ஆனால், குதிரையின் குணத்தை நாம் உண்மையிலேயே அறிந்திருக்கிறோமா?

பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த என் தாத்தா, இளவயதில் அம்பாங் சாலைப் பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரித்தவர். அந்த வேலைக்கு ‘சைஸ்’ என்று பெயர். 1896-இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் அந்தத் திடல் இருந்த இடத்தில்தான் இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கிறது.

தாத்தா பார்த்துக்கொண்ட ஒரு குதிரை, அவர் குனிந்தால் தொப்பியைக் கவ்வுமாம். கயிற்று முடிச்சைப் பல்லால் அவிழ்க்கும். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். மற்றவர்கள் “கெட்ட குதிரை” என்றார்கள். தாத்தாவோ, “அதுக்குப் பொழுது போகலப்பா” என்பார். காலையில் கூடுதலாக அரைமணி நேரம் நடத்திக் கூட்டிப்போன நாள்களில் வாளி கவிழவில்லையாம்.

தாத்தா சொன்னதில் உண்மை இருக்கிறது. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. திறந்தவெளியில் நாளுக்கு 16 மணி நேரம் வரைகூட நடந்துகொண்டே மேயும். குட்டிகள் கடித்தும் துரத்தியும் விளையாடித்தான் பழகக் கற்றுக்கொள்கின்றன. கையில்லாத அதற்கு உதடும் பல்லுமே கை. அதைத் தனியே நாள் முழுதும் பூட்டிவைத்தால் மரத்தைக் கடிக்கும். இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே நிற்கும். அதன் சேட்டையில் பாதி விளையாட்டு, மீதி முறையீடு.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் கதையை நாம் அறிவோம். டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரை அவனைச் சுமந்தது என்கிறது கதைப்பாடல். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையுடன் போரிட்டு மடிந்தபோது அவனுக்கு 22 வயது என்பர். என் வயதுதான்! ‘முரடு’ என்று ஒதுக்கப்பட்ட குதிரைதான் அவன் புகழோடு இன்றும் பேசப்படுகிறது.

அப்படியானால் கடிவாளமே வேண்டாமா? வேண்டும். ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கின் உதை விளையாட்டல்ல. ஆனால், கடிவாளம் வழிகாட்டத்தானே தவிர, வாயைக் கிழிக்க அல்ல.

கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எனக்கொரு நண்பன் இருந்தான். ஒருநாள் வகுப்பறைக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டான். அன்றிலிருந்து அவன் ‘உருப்படாதவன்’. பாதிப் பாடவேளை வெளியில்தான் நிற்பான். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி தடுமாறியது; கடைசி வகுப்பில் போட்டார்கள். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். இன்று ஒரு பட்டறையில் லாரி இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுகிறான். உழைத்து வாழ்கிறான், அதில் குறைவில்லை. ஆனால், அன்று அந்தக் கடிகாரத்தை அவனையே மீண்டும் பூட்டச் சொல்லியிருந்தால், இன்று இந்த வளாகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருப்பானோ என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியர்கள். சிலர் இப்போதே வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். கடைசி வரிசையில் ஒருவன் வாளியைக் கவிழ்த்தால், பிரம்பைத் தேடுவதற்கு முன் அரைமணி நேரம் அவனோடு நடந்து பார்ப்போம்.