பட்டியலில் நம்பர் வந்தால் வேலை வந்த மாதிரியா?



டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்கான பட்டியலில் வீட்டுப் பெண்ணின் நம்பர் வந்துவிட்டால் போதும், தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துவிடுகிறோம். "கவர்ன்மென்ட் வேலை கிடைச்சாச்சு" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிடும். ஆனால் அந்தப் பட்டியல் வேலை அல்ல. இருக்கிற இடங்களைவிட அதிகம் பேரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதாலேயே வேலை உறுதி என்று ஆகாது என்பதைத் தேர்வாணையமே சொல்லிவிடுகிறது. இரவு பகலாகப் படித்து இவ்வளவு தூரம் வந்த பெண்கள், படிப்பில் தோற்காமல் பேப்பரிலும் பேச்சிலும் தோற்றுப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போன் விஷயம். தேர்வாணையம் தபாலில் தனியாக எதுவும் அனுப்புவதில்லை. இணையதளத்தில் போடுவார்கள், எஸ்.எம்.எஸ்.ஸும் மின்னஞ்சலும் வரும். நம் பெண்களில் எத்தனை பேருக்குச் சொந்த நம்பர் இருக்கிறது? ஒருமுறைப் பதிவு செய்யும்போது கணவரின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். அவர் ரீசார்ஜ் ஆஃபர் மெசேஜோடு சேர்த்து இதையும் தள்ளிவிட்டிருப்பார். இன்னும் மோசம், பிரவுசிங் சென்டர் தம்பி தன்னுடைய மெயில் ஐடியைப் போட்டுப் பதிவு செய்து கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகம் இருக்காது. முதல் வேலையாக இதைச் சரி பண்ணுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். கல்யாணமான பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில்தான் இருக்க வேண்டும். புகுந்த வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கார்டு, ஆதார் என்று எல்லாவற்றிலும் கணவர் பெயரைப் போட்டுக்கொள்கிறோம். அதே கையோடு சாதிச் சான்றிதழையும் கணவர் பெயரில் வாங்கி வைத்திருந்தால் அது அங்கே செல்லாது. பிற்படுத்தப்பட்டோருக்கு இருபத்தாறரை சதவீதம், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, ஆதிதிராவிடருக்கு 15 என்று ஒதுக்கியிருக்கிற இடங்கள் இருக்க, ஒரு காகிதத்தால் நம் பெண் அந்த வரிசையிலிருந்தே வெளியே நிற்க வேண்டி வரும். பெயரும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் எதற்கும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-லிருந்து இருக்கிறது. 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. குரூப் 4-க்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு என்பதால், ஒன்று முதல் பத்து வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தோமோ அந்தந்தப் பள்ளியில் சான்று வாங்க வேண்டும்.

என் ஓரகத்தி படித்தது மூன்று பள்ளிக்கூடம். பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், வாழ்க்கைப்பட்டதோ திண்டுக்கல்லில். இணையத்தில் ஏற்றக் கொடுத்த நாட்கள் கொஞ்சம்தான். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் லீவு. இன்னொரு பள்ளியில் "பழைய ரெஜிஸ்டரைத் தேடணும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார்கள். கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு அவள் பஸ்ஸில் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மூன்றாவது சான்று கைக்கு வந்தது. "அக்கா, பரீட்சைக்குப் படிச்சதுகூட இவ்வளவு கஷ்டமா இல்லை" என்று அழுதேவிட்டாள். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற மாதங்கள் சும்மா போகிற மாதங்கள்தானே. 2022 ஜூலை 24-ல் நடந்த தேர்வுக்கு முடிவு வந்தது 2023 மார்ச் 24-ல். முழுசாக எட்டு மாதம். அந்த நேரத்தில் பிறந்த வீட்டுக்குப் பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ போகும்போது பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தால் தீர்ந்தது.

ஆதரவற்ற விதவைச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கு 30 சதவீத இடம் என்று 1989-ல் வந்ததே, அந்தப் பெண்கள் இடங்களுக்குள்ளேயே உங்களுக்கென்று பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. அதற்கான சான்றை வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். வி.ஏ.ஓ., தாசில்தார் கொடுக்கிற விதவைச் சான்று வேறு, இது வேறு. ஒன்று இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

இடைத்தரகர்கள் தலைகாட்டுவதும் இந்தச் சமயத்தில்தான். "லிஸ்ட்ல பேரு இருக்கு, மேலே கொஞ்சம் கவனிச்சா ஆர்டர் நிச்சயம்" என்று யாராவது ஒரு தூரத்து உறவு வந்து நிற்கும். மாமனார்கள்தான் முதலில் மயங்குவார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று பேச்சு ஆரம்பித்துவிடும். 2019 செப்டம்பர் 1-ல் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு 2020-ல் வெளியே வந்ததும், 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். பணமும் போய், இனி எந்தத் தேர்வும் எழுத முடியாது என்றும் ஆயிற்று. கலந்தாய்வில் மதிப்பெண்ணும் இன வாரியான வரிசை எண்ணும்தான் பேசும். அந்த எண் நம்முடைய பக்கத்தில் உள்ளே போய்ப் பார்த்தால் நமக்கே தெரியும். அதில் எவன் என்ன பண்ண முடியும்?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கலந்தாய்வு சென்னையில் தேர்வாணைய அலுவலகத்தில்தான் நடக்கிறது. வரிசை எண்படி கூப்பிடுவார்கள். மீதி இருக்கிற இடங்களைப் பார்த்துத் துறையையும் மாவட்டத்தையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் முறை வந்தபோது நாம் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். யோசித்துச் சொல்கிறேன், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பதற்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது. எடுத்ததை அப்புறம் மாற்றவும் முடியாது.

இங்கேதான் பெண்கள் கை நழுவ விடுகிறார்கள். சொந்த மாவட்டம் முன்னால் போனவர்கள் எடுத்து முடிந்திருக்கும். "வெளியூரானால் வேண்டாம், திரும்பி வந்துடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் 2020-ல் இப்படித்தான் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தாள். அடுத்த வருஷமே தேர்வு வரும் என்று நினைத்தார்கள். கொரோனா வந்தது. 2020-லும் இல்லை, 2021-லும் இல்லை, அடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலையில்தான் நடந்தது. அதற்குள் அவளுக்கு இரண்டாவது குழந்தை. எழுதினாள். 18 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வில், பழைய வேகம் எங்கிருந்து வரும்? இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவள் மாமியார் இன்றைக்கும் "அவளுக்கு ராசி இல்லை" என்கிறார். ராசியாம்! தூரம் என்று தடுத்தது யார் என்று நான் வாயைத் திறந்து கேட்கவில்லை, அக்கம்பக்கத்துச் சிநேகம் கெட வேண்டாமே என்று.

தூரம் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலர் என்றால் அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று விதி. இளநிலை உதவியாளர் என்றால் பவானிசாகரில் விடுதியில் தங்கிப் பயிற்சி முடிக்க வேண்டும். பின்னாளில் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்டு வேறு அலகுக்கு வந்தால் சீனியாரிட்டியில் கடைசி ஆளாகிவிடுவோம். இதையெல்லாம் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். முதலில் எந்த மாவட்டம், அது இல்லையென்றால் எது, குழந்தையை யார் பார்ப்பது, கணவர் வேலையை மாற்ற முடியுமா, ஒன்றும் இல்லையென்றால் ஒரு வருஷம் ஹாஸ்டலில் இருக்க முடியுமா என்று ஒரு தாளில் எழுதியே வைத்துக்கொள்ளலாம். மகன் துபாய்க்குப் போனால் மூன்று வருஷம் கழித்து வருவான் என்று தெரிந்தும் வழியனுப்புகிறோம். மருமகள் ஆறு மணி நேர பஸ் தூரத்தில் அரசு வேலைக்குப் போனால் மட்டும் குடும்பம் சிதைந்துவிடுமா?

இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 19,500 ரூபாயில் ஆரம்பிக்கிறது, படிகள் தனி. அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021-லிருந்து 12 மாதம். வேலையில் இருந்துகொண்டே குரூப் 2 எழுதலாம். எந்தத் தனியார் கம்பெனி நம் பெண்ணுக்கு இதைத் தரும்?

என் ஓரகத்திக்குத் திண்டுக்கல்லும் கிடைக்கவில்லை, மதுரையும் கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டு போன தாளில் ஐந்தாவதாக இருந்த கிருஷ்ணகிரியை எடுத்தாள். மாமியாருக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை. பிறகு துறையிலிருந்து ஆர்டர் வந்து, மருத்துவத் தகுதிச் சான்றும் வாங்கிப் பணியில் சேரும் நாளன்று அவரே கூடப் போய் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது குழந்தை அங்கே அம்மாவிடம் பாதி நாள், இங்கே என்னிடம் பாதி நாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வருகிறாள். கொழுந்தனார் ஓசூர்ப் பக்கம் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பகுதியைப் படிக்கும் மாமியார்களும் மாமனார்களும் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் நம்பர் பட்டியலில் வந்திருந்தால், ஸ்வீட் வாங்கப் போகிற வழியில் அவள் சாதிச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சென்னைக்கு டிக்கெட் போடும்போது கலந்தாய்வுக்கு முதல் நாளே போய்ச் சேருகிற மாதிரி போடுங்கள்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்.