காஞ்சியும் கடலாமையும்

கச்சபம் என்றால் ஆமை. திருமால் ஆமை வடிவெடுத்துச் சிவபெருமானைப் பூஜித்த ஸ்தலம் காஞ்சிபுரத்துக் கச்சபேசுவரர் ஆலயமென்று நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ஆமையின் இனத்தார் இன்று நம் கடற்கரையில் படும் பாட்டைக் காஞ்சிவாசிகள் அறிவார்களா என்பது நமக்குச் சந்தேகமாயிருக்கிறது.

ஆலிவ் ரிட்லி என்று விஞ்ஞானிகளும் பங்குனியாமை என்று மீனவரும் வழங்கும் இப்பிராணி, தை முதல் பங்குனி வரையில் சென்னைக்குத் தெற்கேயுள்ள மணற்கரைகளில் இரவில் ஏறிக் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளையிட்டு மூடிவிட்டுப் போகிறது. சுமார் 45 முதல் 60 நாள் வரையில் அம்முட்டைகள் ஓட்டின் நுண்துளைகளின் வழியே மணலினின்றும் மூச்சு வாங்குகின்றன. மணலில் எண்ணெய் படிந்தால் மூச்சு நின்றது.

இது வெறும் ஊகமன்று. 1917 அல்ல, 2017-ஆம் வருஷம், நம் சுயராஜ்யத்தில், ஜனவரி 28-ந் தேதி எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. அவற்றிலொன்றின் பெயர் ‘டான் காஞ்சிபுரம்’! எண்ணெய் ஒன்றும் சிந்தவில்லை என்றே முதலில் அறிவித்தார்கள். கரியெண்ணெயோ மெரினாவைக் கடந்து தெற்கே பரவிற்று. மீனவரும் மாணவரும் வாளிகளால் அள்ளினார்கள். ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிடும் பருவமும் அதுவே.

கப்பலின் பெயர் தற்செயலானது. வேகவதியோ அப்படியன்று. பட்டின் பசை போக்கிய சோடா நீரும், சாயக் கழிவும், வீட்டுச் சாக்கடையும் அவ்வாற்றில் கலப்பதைப் பற்றி வெகு காலமாக முறையீடு உண்டு. வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றைச் சேர்கிறது. பாலாறு கல்பாக்கத்திற்கருகில் கடலைச் சேர்கிறது. கோடையில் மணலில் தங்கும் கழிவை ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வாரிச் செல்கிறது. மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்புக் கூறிற்று. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் அதே நதிக்காகத் தீர்ப்புக் கூற நேர்ந்தது. முந்திய தீர்ப்பு எந்த லட்சணத்தில் நிறைவேறியது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

2025 ஜனவரியில் கரையில் நூற்றுக்கணக்காக ஒதுங்கிய ஆமைகளைச் சாயநீர் கொன்றதென்று நாம் சொல்லவில்லை. இழுவலையில் அகப்பட்டு மூச்சு முட்டி மாண்டவையே அவற்றில் பெரும்பாலன என்று கூறப்பட்டது. அதற்குப் பரிகாரம் வேறு. ஆனால் வலைக்குத் தப்பி வரும் தாய்க்குச் சுத்தமான கரையாவது இருக்க வேண்டாமா?

1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் செய்தவர்கள் நாமே. குறை சொல்ல அந்நிய துரைத்தனம் இல்லை. ஏழைச் சாயக்காரரின் பட்டறையைப் பூட்டி வயிற்றிலடிப்பதும் நமக்குச் சம்மதமில்லை. பட்டுச் சேலையின் லாபத்தில் பெரும்பங்கு பெறும் வியாபாரிகளும் சர்க்காரும் செலவை ஏற்று, கழிவைச் சுத்தி செய்தே ஆற்றில் விடும்படி செய்ய வேண்டும். வேகவதியில் விழும் வாய்க்கால்கள் எத்தனை, எவை எவரைச் சேர்ந்தவை என்ற ஜாபிதாவை மாநகராட்சியார் ஐப்பசி மழைக்கு முன் பிரசுரிக்கட்டும். தையில் பங்குனியாமை கரைக்கு வந்துவிடும்.