சுவருக்குள் ஈரம்

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு, சென்னையில் அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் மக்கள் சேற்றை வாரிக் கொட்டினார்கள். நனைந்த மெத்தைகள் தெருவுக்கு வந்தன.

வீட்டை இன்ஷூரன்ஸ் செய்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கும் ஒரு சங்கடம். சர்வேயர் வருவதற்குள் வீட்டைக் கழுவிவிட்டால் நஷ்டத்துக்குச் சாட்சி ஏது? கழுவாமல் விட்டால், கைக்குழந்தையோடு சேற்றில் எத்தனை நாள் இருப்பது?

இப்போது அந்தச் சங்கடம் குறைந்துவிட்டது. சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைச் செல்போனில் படம் எடுத்து, கம்பெனிக்கு அனுப்பலாம். எடுத்த தேதியும் நேரமும் படத்தோடு பதிவாகின்றன. ராடார் செயற்கைக்கோள் இருட்டிலும் மேகத்தை ஊடுருவி வெள்ளத்தைப் பார்க்கிறது. (வீடுகள் நெருங்கிய தெருக்களில் அதற்கும் பார்வை கொஞ்சம் மங்கல்தான்!) பணம் சீக்கிரம் கைக்கு வர இவையெல்லாம் உதவும். வரவேற்கவேண்டிய மாறுதல்.

ஆனால் படம் இருந்தால் போதும், ஆள் வரவேண்டாம் என்று நினைப்பது தவறு.

செங்கல் தண்ணீரைக் குடிக்கும். வெளிப்பூச்சு நாலு நாளில் காய்ந்துவிடும். உள்ளே ஈரம் பல வாரம் இருக்கும். பிறகுதான் சுண்ணாம்பு உரியும், உப்புப் பூக்கும், பூச்சு பெயர்ந்து விழும். அதற்குள் வீட்டுக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஈரத்தைக் கண்டுபிடிக்கவும் கருவி இருக்கிறது. அதன் இரண்டு ஊசிகளைச் சுவரில் வைத்தால், எவ்வளவு ஈரம் என்று காட்டும். காய்ந்த சுவரைவிட ஈரச் சுவரில் மின்சாரம் எளிதாக ஓடும் என்பதே இதன் சூட்சுமம்.

குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிடவேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் சட்டம். அந்தத் தொகைக்குக் கீழே என்றால் கட்டாயம் இல்லை. பங்களாக்காரர் வீட்டுக்கு சர்வேயர் வருவார். ஓட்டு வீட்டுக்காரரின் நஷ்டமோ படத்தோடு முடிந்துவிடும். இது நியாயமா?

சிறிய நஷ்டம் என்றாலும், கடைசிக் கையெழுத்துக்கு முன்னால் அந்தக் கருவியோடு ஒரு ஆளைக் கம்பெனிகள் அனுப்பவேண்டும். இல்லையென்றால், பணம் கொடுத்த பிறகும் சுவருக்காக மீண்டும் கேட்க 2 மாதமாவது தவணை தரவேண்டும். கருவி உள்ளங்கையில் அடங்குவதுதான். ஒரு சுவரைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும்.